ஜைத்தூன் மரம் இல்லாத ஜைத்தூனுக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் எங்கள் பெரியபட்டினத்தில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் கொல்லைப் பக்கம் நடந்தால், மண் கழுவிப்போன இடத்தில் பச்சை நிறத்தில் ஏதாவது மின்னும். குனிந்து எடுத்தால் பீங்கான் ஓடு. சின்ன வயதில் அதை வைத்துச் சில்லுக்கோடு விளையாடியிருக்கிறோம். உம்மா திட்டும், "கையைக் கிழிச்சிக்கப் போறே, தூக்கிப் போடு." 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆட்களும் ஜப்பானிலிருந்து வந்த பேராசிரியர் நொபோரு கராஷிமாவும் எங்கள் ஊரில் அந்த ஓடுகளைப் பொறுக்கி ஆராய்ந்தபோதுதான், நாங்கள் சில்லாக எறிந்தது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் என்று தெரிந்தது.

அதனால் சீனாவின் பழைய துறைமுகமான சுவான்ஜோவுக்குப் போக வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: கிளம்புவதற்கு முன் எங்கள் ஊருக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். கப்பலாறு என்று நாங்கள் சொல்லும் வாய்க்காலைப் பாருங்கள், மண்ணில் கிடக்கும் ஓட்டைப் பாருங்கள். பார்க்கத்தான், பையில் போட்டுக்கொண்டு போக அல்ல. கண் அந்தப் பச்சைக்குப் பழகியபின் சீனாவில் இறங்கினால் பார்வையே வேறாக இருக்கும். இந்த முனையைப் பார்க்காமல் அந்த முனைக்குப் போகிறவர்கள் கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடையில் 22 வருடம் தே தாரிக் டீ ஆற்றினேன். ஊர் திரும்பியபின் மருமகன் சரக்கு வாங்கச் சீனாவுக்குப் போனபோது கூட ஒட்டிக்கொண்டேன். அவன் கொள்முதலை முடித்ததும் மூன்று நாள் சுவான்ஜோ என்று பேச்சு. அங்கே பார்த்ததையும் ஏமாந்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் பெயர். சுவான்ஜோ வேறு, குவாங்ஜோ வேறு. ஆங்கில எழுத்தில் ஒன்று க்யூவில் தொடங்கும், மற்றது ஜீயில் தொடங்கும். நம் ஊர் வியாபாரிகள் எல்லாரும் போவது குவாங்ஜோ. எங்களுக்கு அறை போட்டுக்கொடுத்த ஏஜென்ட் மூன்று ராத்திரிக்கும் குவாங்ஜோவிலேயே போட்டுவிட்டார். சுவான்ஜோவில் இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு இறங்கி, ஓட்டல்காரப் பெண்ணிடம் சீட்டை நீட்டினால், அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர் என்று சிரிக்கிறாள். போன காசு போனதுதான். பக்கத்திலேயே ஜாங்ஜோ என்று இன்னொரு ஊரும் இருக்கிறது. ஆகவே ஊர்ப் பெயரைச் சீன எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டு, அதைக் காட்டியே டிக்கெட்டும் அறையும் போடுங்கள்.

விசா இங்கேயே எடுத்துவிட வேண்டும். ரயிலில் பாஸ்போர்ட்தான் டிக்கெட். ஓட்டலிலும் அதைக் கேட்பார்கள். போனில் காசு கட்டும் அலிபே செயலியில் உங்கள் கார்டை இணைத்து இங்கேயே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், இளநீர்க்காரர்கூட அங்கே போனைத்தான் நீட்டுகிறார். கூகுள் வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள். சியாமென் நகரம் வரை விமானத்தில் போனால் அங்கிருந்து வேக ரயிலில் சுமார் அரை மணி நேரம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை சூறாவளிக் காலம். அக்டோபருக்குமேல் போங்கள். அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் போவதற்கு முன் இன்னும் ஒரு பெயர்க்கதை. அரபு வியாபாரிகள் இந்த ஊரை ஜைத்தூன் என்றார்கள். நம் வீடுகளில் ஜைத்தூன் எண்ணெய், அதாவது ஆலிவ் எண்ணெய் இருக்குமே, அதே சொல். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் அங்கே போன மொராக்கோ பயணி இப்னு பதூதா, பெயர்தான் ஜைத்தூன், ஊரில் ஒரு ஜைத்தூன் மரமும் கிடையாது என்று எழுதிவைத்தார். உண்மையில் அது சீனப் பேச்சில் வழங்கிய மரத்தின் பெயர், ‘சிதொங்’. பத்தாம் நூற்றாண்டில் ஊர் மதிலைச் சுற்றி அந்த மரத்தை நட்டார்களாம். அரபிகள் காதில் அது ஜைத்தூன் என்று விழுந்துவிட்டது. சிதொங் எது என்று மருமகன் போனில் படம் எடுத்துக் காட்டினான். நம் கல்யாண முருங்கை! மிளகுக் கொடி ஏற்றுவோமே, இலையை அரிசியோடு அரைத்து அடை சுடுவோமே, அதேதான். எங்கள் வேலியில் நிற்கும் மரத்தின் பெயரில் ஒரு ஊர். எனக்கு அப்போதே அந்த ஊர் பிடித்துப்போனது.

சரி, முதல் நாள் காலை நேராகக் கையுவான் கோயிலுக்குப் போங்கள். 686இல் எழுந்த பௌத்தக் கோயில். வாசலில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் இரண்டு கல் கோபுரங்கள், கிழக்கில் இருப்பது 48 மீட்டர், மேற்கில் இருப்பது 44 மீட்டர். இரண்டும் 13ஆம் நூற்றாண்டில் கட்டியவை. கூட்டம் அங்கேதான் நிற்கும். மேற்குக் கோபுரத்தில் கத்தி ஏந்திய குரங்குமுகச் சிற்பம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு நகருங்கள். அனுமார் என்று சிலர் சொல்கிறார்கள், சீனக் கதையில் வரும் குரங்கு ராஜா என்று சிலர். எனக்கு இரண்டும் சம்மதம்.

நீங்கள் போக வேண்டியது பெரிய மண்டபத்தின் பின்பக்கம். மண்டபத்துக்கு நூறு தூண் மண்டபம் என்று பெயர், எண்ணினால் நூறு வராது. நம் ஆயிரங்கால் மண்டபங்களும் அப்படித்தானே. முன்மேடையின் அடிப்பகுதியில் சிங்க உடலும் மனித முகமுமாக எழுபதுக்கும் மேற்பட்ட சின்னச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும், அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே சுற்றி வாருங்கள். பின்தாழ்வாரத்தில் பச்சை சாயல் கொண்ட கருங்கல்லில் இரண்டு தூண்கள். மற்றவை எல்லாம் ஒரு மாதிரி, இவை மட்டும் வேறு மாதிரி. பதினாறு பட்டை. மேலும் கீழும் சதுரம், சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் கதை.

இங்கே அவசரப்படாதீர்கள். அந்தத் தாழ்வாரத்தில் வெளிச்சம் குறைவு. போன் விளக்கை நேராக அடித்தால் கல் வெளுத்துப்போய் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து உருவம் எழுந்து வரும். ஊரில் கல்வெட்டு படிக்க வந்தவர்கள் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை இது. அப்படிப் பிடித்ததும் முதலில் வந்தது நரசிம்மர், மடியில் இரணியன். அப்புறம் யானை ஒன்று, அதன் காலைப் பிடித்திருக்கும் முதலை, மேலே திருமால்: கஜேந்திரன். அடுத்து மரத்தின் மேல் கண்ணன், கீழே சேலையைக் கேட்டு நிற்கும் பெண்கள். இரண்டு மருத மரங்களுக்கு நடுவே இன்னொரு கண்ணன். பள்ளியில் தமிழய்யா சொல்லிக்கொடுத்தது அறுபது வயதில் சீனாவில் உதவிற்று. மருமகனுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் ஒருவர் நான் கை நீட்டும் இடத்தையெல்லாம் தானும் எட்டிப் பார்த்தார்.

இந்தத் தூண்கள் இந்தக் கோயிலுக்காகச் செதுக்கியவை அல்ல. ஊரில் நம்மவர்கள் கட்டிய கோயில் இடிந்தபின், மிங் அரசர்கள் காலத்தில் பௌத்தக் கோயிலைப் பழுதுபார்த்தவர்கள் கிடைத்த நல்ல கல்லை எடுத்து நிறுத்திக்கொண்டார்கள். 1357இல் இங்கே பெரிய கலகம் மூண்டு பத்து வருடம் நீடித்தது. வெளிநாட்டு வியாபாரிகள் அதோடு அழிந்தார்கள், இல்லையென்றால் கிளம்பிவிட்டார்கள். கோயிலும் கல்லறையும் சிலுவையும் கல்லாக மாறி ஊர் மதிலுக்குள் போயின. ஆகவே சுவான்ஜோவில் முழுக் கோயிலைத் தேடாதீர்கள். எதற்குள் எது செருகியிருக்கிறது என்று தேடுங்கள்.

அதே வளாகத்தில் பழைய கப்பலுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. கடற்கரைக்காரர்கள் இதைத் தவறவிட்டால் நான் வருத்தப்படுவேன். 1974இல் சுவான்ஜோ விரிகுடாச் சேற்றிலிருந்து எடுத்த 13ஆம் நூற்றாண்டு மரக்கலம். மேல்பகுதி போய்விட்டது, மிச்சம் இருப்பதே 24 மீட்டர் நீளம். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை குறுக்குப் பலகை அடித்து 13 அறையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு அறையில் தண்ணீர் ஏறினாலும் மற்ற அறைகள் கப்பலைத் தாங்கும். எங்கள் பக்கத்து வத்தைப் படகில் ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் மொத்தமும் கடலுக்குத்தான். உள்ளே கிடைத்த சரக்கு என்ன தெரியுமா: வாசனைக் கட்டைகள், சந்தனம், மிளகு, பாக்கு, சாம்பிராணி. ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்குச் சாமான் வாங்கின சீட்டு மாதிரி இருந்தது.

மதியத்துக்குமேல் தூமென் தெருவுக்கு நடந்தே போகலாம். அங்கே இருக்கும் கல் பள்ளிவாசல் 1009இல் கட்டி, 1310 வாக்கில் பாரசீகத்து ஷிராஸ் ஊர்க்காரர் ஒருவர் புதுப்பித்தது. தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை. சுவர்களும் தூண்களும் நிற்க, மேலே வானம். சுவரில் அரபு எழுத்து. கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே தூணைப் பார்த்தால் கோயில் மண்டபம்தான் நினைவுக்கு வரும், உள்ளூர்க் கொத்தர் கைவேலை. இங்கே அப்படி இல்லை, வாசல் வளைவைப் பார்த்தாலே பாரசீகத்துக்காரன் வேலை என்று தெரியும். இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் உறைக்கும். தொழுகிறவர்களுக்கு வளாகத்தில் வேறு இடம் இருக்கிறது. ஹலால் சாப்பாட்டுக்கு ‘சிங் ஜென்’ என்று கேளுங்கள், பெயர்ப்பலகை பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். சைவக்காரர்கள் ‘சு’ என்று சொல்லிப் பார்க்கலாம், கோயில் பக்கத்துக் கடைகளில் பலிக்கும்.

அந்தத் தெருவில் உட்கார்ந்து நினைத்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறார். மஅபர் என்று அரபிகள் சொன்னது நம் பாண்டியக் கரையை. அங்கே அரசவையில் பெரிய பதவியில் இருந்த முஸ்லிம் ஒருவரைச் சீன ஏடுகள் ‘போஹாலி’ என்கின்றன. சீனாவை அப்போது ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானோடு தொடர்பு வைத்துக்கொண்டதில் பாண்டிய நாட்டில் அவருக்குச் சிக்கல் வந்து, 1291இல் சீனாவுக்கே போய்விட்டார். குப்ளாயின் யுவான் அரசவை அவருக்கு ஒரு கொரியப் பெண்ணை மணமுடித்து வைத்தது. எங்கள் பக்கத்து மனிதர், சீனாவில் குடித்தனம், கொரியச் சம்பந்தம்! பினாங்கில் நான் பார்த்த குடும்பக் கதைகள் எல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் முழுவதையும் கடல் வாணிப அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். மதச் சிற்பக் கூடத்தில் மட்டும் இரண்டு மணி நேரம் ஆகும். லிங்கத்தை யானை பூசிக்கும் கல் இருக்கிறது, திருவானைக்கா போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1934இல் கிடைத்த திருமால் சிலை இருக்கிறது. அரபு எழுத்துக் கல்லறைக் கற்கள், தாமரை மேல் நிற்கும் சிலுவைகள். இதில் பெரும்பகுதி ஊர் மதிலை இடித்தபோது வெளியே வந்தது. வூ வென்லியாங் என்ற பள்ளிக்கூட வாத்தியார் அந்தக் கற்களைத் தேடித் தேடிச் சேர்த்து, பிறகு அரசுக்குக் கொடுத்தார். ஒரு வாத்தியார் மட்டும் கற்களின் பின்னால் அலையவில்லை என்றால் பாதி, வீட்டு அஸ்திவாரத்துக்குப் போயிருக்கும்.

போகும்போது ஒரு தாளில் சுவான்ஜோவின் தமிழ்க் கல்வெட்டை எழுதி எடுத்துப் போங்கள். சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள், செகசைகான் என்ற மங்கோலிய அரசரின் உடல்நலத்துக்காக இங்கே சிவனை எழுந்தருளப் பண்ணிய செய்தி. ஈசுவரன் பெயரைத் திருக்கானீசுவரம் என்றும் திருக்கதலீசுவரம் என்றும் இருவிதமாகப் படித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதன் கடைசி: கானுடைய பர்மான்படி செய்ததாம். பர்மான் பாரசீகச் சொல், ஆணை என்று பொருள். சிவனடியார் தமிழில் எழுதுகிறார், மங்கோலியனுக்காக, பாரசீகச் சொல்லைப் போட்டு, சீனாவில். அடியில் ஒரு வரி சீன எழுத்து வேறு. யானைச் சிற்பத்துக்கு முன்னால் நின்று அதை வாய்விட்டுப் படித்தேன். காவலாளி வந்து, சத்தம் வேண்டாம் என்று சைகை காட்டினார். நீங்கள் மெதுவாகப் படியுங்கள்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில், இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409 தேதியிட்டுக் கொண்டுவந்து நிறுத்தியது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். அதே செங் ஹோ 1417இல் சுவான்ஜோவின் லிங்ஷான் குன்றில் இருக்கும் பழைய முஸ்லிம் கல்லறைகளில் ஊதுபத்தி ஏற்றியதற்கும் அங்கே ஒரு கல் இருக்கிறது. நேரம் இருந்தால் அந்தக் குன்றுக்கும் போய் வாருங்கள், அமைதியான இடம்.

மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே. ஜியூரி மலையில் பாறைமேல் 1174 முதல் 1266 வரை வெட்டிய பத்துக் காற்று வேண்டுதல்கள் இருக்கின்றன. துறைமுக அதிகாரிகள் மலையேறி, கப்பல் போகவும் வரவும் நல்ல காற்று அனுப்பு என்று கடவுளிடம் கேட்டு, தேதியும் வந்தவர்கள் பெயரும் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாடை எடுத்தால் இங்கிருந்து தெற்கே பாய் விரிப்பார்கள், சோழகம் எடுத்தால் திரும்பி வருவார்கள். காற்றுக்காகக் காத்துக் கிடந்தவன் பிள்ளை நான். வாப்பா வாடை விழுந்த அன்று வானத்தைப் பார்த்து முணுமுணுத்ததையெல்லாம் அங்கே அரசாங்கம் கல்லில் எழுதி வைத்திருக்கிறது.

அங்கிருந்து லோயாங் பாலம். கடல் தண்ணீர் இறங்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், தண்ணீர் ஏறியிருக்கும்போது பார்க்க வேண்டியதே மறைந்துவிடும். 1053இல் தொடங்கி 1059இல் முடித்தார்கள், அதிகாரி சாய் சியாங் மேற்பார்வை. ஆற்று முகத்துவாரத்தில், அலையும் நீரோட்டமும் அடிக்கிற இடத்தில், முதலில் கல்லைக் கொட்டி அடியில் ஒரு மேடை போட்டார்கள். அந்தக் கற்களை ஒட்டச் சிமெண்ட் ஏது? சிப்பியை வளர்த்தார்கள். பாறையில் ஒட்டுகிற சிப்பி கல்லோடு கல்லைப் பூட்டிவிட்டது. மேலே போட வேண்டிய நீளக் கற்பாளத்தைப் படகில் ஏற்றி, ஏற்றத்தில் தூணுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, வற்றும்போது தானாக உட்காரவிட்டார்கள். தண்ணீர் வற்றியபின் இறங்கித் தூணின் அடியைப் பார்த்தேன். இன்றும் சிப்பி அப்பியிருக்கிறது, கையை வைத்தால் கிழியும். பாம்பனில் 1914இல் திறந்த பாலத்துக்கு உப்புக்காற்றும் துருவும் கொடுத்த தொல்லையைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடல் உயிரை எதிரியாக நினைக்காமல் கொத்தனாராகச் சேர்த்துக்கொண்ட வேலை இது.

மாலையில் சுன்பு கிராமம். வீட்டுச் சுவரில் சிப்பி ஓட்டை வரிசையாகப் பதித்திருப்பார்கள். பெண்கள் கொண்டை போட்டு அதைச் சுற்றி வட்டமாகப் பூ வைப்பார்கள். ஒரு வரிசை இல்லை, மூன்று நான்கு வரிசை. மதுரை மல்லிக்காரர்கள் வந்து பார்க்க வேண்டும். இப்போது வெளியூர்ப் பெண்களும் காசு கொடுத்து அலங்காரம் செய்துகொண்டு படம் எடுக்கிறார்கள், தெருவே ஸ்டூடியோ மாதிரி ஆகிவிட்டது. விலையை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு அப்பால், மீன்கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவி தலையிலும் அதே பூ இருக்கும், அதுதான் அசல்.

1138இல் தொடங்கிய அன்பிங் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். நடக்கக் காலில் தெம்பு இருந்தால் போங்கள், நான் பாதியில் திரும்பிவிட்டேன். மானி என்ற ஞானியின் 1339ஆம் வருடத்துச் சிற்பம் இருக்கும் சாவோஆன் கோயிலும் பக்கத்து வட்டாரத்தில்தான். இவை உட்பட 22 இடங்களை 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் டிக் அடித்தாக வேண்டும் என்று ஓடினால் எதுவும் மனசில் நிற்காது.

பேச்சுக்கு என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். பினாங்கு, சிங்கப்பூர் சீனர்களில் நிறையப் பேரின் பூர்வீகம் இந்தக் கரைதான், அங்கே பேசும் ஹொக்கியன் இங்கிருந்து போனது. ‘தேயிலை’யில் இருக்கும் ‘தே’யே இந்தக் கரைப் பேச்சிலிருந்து கப்பலேறிய சொல்தான். சிப்பி ஆம்லெட் விற்ற அம்மாவிடம் பினாங்குப் பழக்கத்தில் "சியாக் பா போய்?" என்றேன், சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் இரண்டு சிப்பி அதிகமாக விழுந்தது.

வாங்கி வர வேண்டுமென்றால் தெஹுவா வெள்ளைப் பீங்கான். சுவான்ஜோவைச் சேர்ந்த வட்டாரம்தான், அந்தக் காலத்திலிருந்தே சூளை எரிகிற ஊர். டீக்கோப்பை ஆறு வாங்கினேன். பெட்டியில் போடாமல் கைப்பையில் எடுத்து வாருங்கள், நான் கைலியில் சுற்றிப் பெட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் இரண்டு உடைந்திருந்தது. என் பேரன் துண்டுகளை அள்ளிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். அங்கே போடாதேடா, பின்னால் தோண்டுகிறவர்கள் குழம்பிப்போவார்கள் என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.